பீரோத் தகட்டில் செய்த கம்ப்யூட்டர்

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். திருப்பத்தூர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ஊருக்குப் போட்ட கடுதாசியும்தான். ஞாபகமும் இப்போது முன்னே பின்னே வருகிறது. சில பெயர்கள் நாக்கு வரை வந்து திரும்பிப் போய்விடுகின்றன. கோயில் விழா மலருக்குப் பழைய நாட்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். கூட உட்கார்ந்து கீரை ஆய்கிற சிநேகிதியிடம் சொல்வதுபோல் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன வாரம் மகளின் லேப்டாப் சூடாகிறது என்று, இப்போது நாங்கள் இருக்கிற நிக்டியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். வீட்டில் தனியாக இருப்பேனே என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டுத் திறந்து, உள்ளே இருந்த சின்ன விசிறியைக் கழற்றினார். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்து, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சில்லின் மேல் வெள்ளையாக ஒரு பொட்டு பிதுக்கினார்.

எனக்குச் சந்தன வாசனை வந்தது. அந்தக் கடையில் சந்தனமும் இல்லை, ஊதுவத்தியும் இல்லை. கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. மகள் பயந்துபோய், "இன்னாம்மா, சுகர் எறங்கிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு சாக்லெட் வாங்கிவந்து வாயில் போட்டாள். பொய் சொன்னதற்குக் கிடைத்த இனிப்பு. வீடு வரும் வரை அதை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த வெள்ளைப் பொட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதுவும் எனக்கு ஒரு தைரியம்.

அப்போது நாங்கள் இதே மராட்டிப் பக்கம், பட்டறைகள் நிறைந்த போசரியில் இருந்தோம். சிமென்ட் ஷீட் போட்ட சாலில், அதாவது வரிசை வீட்டில், இரண்டு அறை, வரிசைக்கு ஒரு குழாய். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் டர்னர். இருபத்தோரு வருஷம் ஒரே லேத்தில் நின்றவர். எல்லார் வீட்டிலும் மாலையானால் சமையல் வாசனை வரும், எங்கள் வீட்டில் கூலண்ட் எண்ணெய் வாசனை வரும். இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அந்த எண்ணெய். அவர் சட்டை, துண்டு, தலைமுடி எல்லாவற்றிலும் அதுதான். கல்யாணமான புதிதில் எனக்குக் குமட்டும். பிறகு அந்த வாசனை வந்தால்தான் அடுப்பைப் பற்றவைக்கக் கை போகும்.

கம்பெனி மூடியபோது நான் கவனித்தது அதைத்தான். மூன்று மாதம் துவைத்துத் துவைத்து, ஒருநாள் சட்டையை மோந்து பார்த்தேன், சோப்பு வாசனை மட்டும் இருந்தது. யாரோ வேற்று ஆளின் சட்டையைக் கையில் வைத்திருப்பது போலிருந்தது.

மூன்று வீடு தள்ளி பாண்டுரங் பாவு என்று ஒருவர் இருந்தார். அதே கம்பெனி, அதே ஷிப்ட். கம்பெனி மூடி ஐந்தாம் மாதம், தன் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு பால்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "எனக்கு எதுக்கு, நீ வெச்சிக்க" என்று மராட்டியில் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை அவர் உயிரோடு இல்லை. அவராகத் தேடிக்கொண்டதுதான். அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் எந்த ஆண்பிள்ளையாவது ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால், பெண்பிள்ளைகள் கைவேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்போம். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மகள் மலர் அப்போது பதினொன்றாவது படித்தாள். அவள் ஏதாவது கேட்டால் "ம்" என்பார். நான் கேட்டால் அதுவும் இல்லை. தூங்குகிறாரா என்று பார்க்கிற சாக்கில் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் தேஷ்முக் சாகேப் ஆள் அனுப்பினார். போசரியிலேயே சின்னப் பட்டறை வைத்திருந்தவர். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கைவாகு உண்டு. எந்த இரும்புச் சாமானைக் காட்டினாலும் அளவெடுத்து, பென்சிலில் அச்சு அசலாக வரைந்துவிடுவார். அது தேஷ்முக்குக்குத் தெரியும். அவர் சொன்னது இது. இப்போது எல்லாரும் கம்ப்யூட்டரில் போட்ட ட்ராயிங்தான் கேட்கிறார்கள். என்னிடம் பத்துப் பழைய தாள் இருக்கிறது. தசராவுக்குப் பிறகு வருகிற புதன்கிழமைக்குள் பத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு ஃப்ளாப்பியில் கொண்டுவா. ட்ராயிங் வேலைக்கு உன்னையே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன்.

தசராவுக்கு நாலரை மாதம் இருந்தது. அவருக்கு நாற்பத்தேழு வயது. கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு நிக்டிக்குப் போனார். பழைய சூப்பர்வைசர் ஒருவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டார். இங்கிலீஷில் வருவதையெல்லாம் ஒரு நோட்டில் படம் மாதிரி பார்த்து எழுதிவருவார். மலர் அர்த்தம் சொல்வாள். "கோடு போடறது வருது. அழிக்கறதுதான் வரல" என்றார் ஒருநாள். அவராகப் பேசினார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், வெங்காயம்கூட உரிக்கவில்லை.

ஆனால் வாரத்தில் ஒருநாள் போய்ப் பத்துத் தாள் முடியுமா. வீட்டிலேயே ஒன்று வேண்டும். புதிது வாங்குவதெல்லாம் நினைத்தும் பார்க்க முடியாது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்னென்ன வேண்டும் என்று எழுதினார். எழுதிவிட்டு, எதை நம்மால் செய்துகொள்ள முடியும் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். முதலில் அடித்தது வெளிப்பெட்டியை. "தகரப் பொட்டிக்குப் போயி காசு குடுப்பனா நானு" என்றார்.

வீட்டில் தகடு என்று இருந்தது என் பீரோ ஒன்றுதான். கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது, பச்சைக் கலர். அவர் அதைப் பார்த்தார். கேட்கவில்லை. நான்தான் துணிகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். பக்கவாட்டுத் தகட்டை அறுத்து, மரக்கட்டையில் வைத்துத் தட்டி மடக்கி, ரிவெட் அடித்து, விசிறிக்கு ஓட்டை போட்டு, மூன்றே நாளில் பெட்டி தயார். பீரோவின் அறுத்த பக்கத்தைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினோம். எலி போகாமலிருக்க அட்டை வைத்துக் கட்டினோம். பக்கத்து வீட்டு ஷோபா தாய், மராட்டியில் தாய் என்றால் அக்கா, வந்து பார்த்துவிட்டு, "உன் வீட்டில் பீரோ குட்டி போட்டிருக்கிறது" என்றாள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

உள்ளே போகிற சாமானெல்லாம் கேம்ப் என்கிற கடைவீதியில் ஒரு சந்துக் கடையில் வாங்கியது. ஆபீஸ்களில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்து விற்பார்கள். கடைக்காரர் பேர் மறந்துவிட்டது. எந்நேரமும் உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டுக்காரர் பத்துத் தடவையாவது அந்தக் கடைக்குப் போயிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரு சாமான். மானிட்டர் ஏதோ ஆபீஸில் வருஷக்கணக்காக ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது, அந்தக் கட்டங்கள் கண்ணாடியிலேயே பதிந்துபோயிருந்தன. எதைப் போட்டாலும் பின்னால் அந்தக் கட்டம் நிழலாகத் தெரியும். "பேய் பில்லு போடுது" என்பாள் மலர். கீபோர்டில் இரண்டு கட்டை இல்லை. பழைய டூத் பிரஷ் காம்பை அறுத்து ராவி அவரே செய்து பொருத்தினார்.

புகையிலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தப் பழக்கம் கம்பெனியில் ஒட்டிக்கொண்டது. அதற்காக நான் போடாத சண்டையில்லை. கதவு, ஜன்னல், தலையணை உறை எங்கும் சுண்ணாம்பு விரல் தடம் இருக்கும். வேலை போன மறுமாதம், இனிமேல் தொடமாட்டேன் என்று கற்பூரம் அடித்து விட்டார். விட்டாரா, கேம்ப் கடைக்குப் போய்ப் போய் மறுபடி ஆரம்பித்துவிட்டாரா என்று எனக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டேயிருந்தது.

எல்லாம் சேர்ந்து, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால்தான் மிஷின் ஓடியது. முதல் நாள் திரையில் எழுத்து வந்தபோது மலர் கைதட்டினாள். அவர் கை தட்டவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, லேத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அதிர்வு பார்த்தார். "பேரிங் சரியில்ல" என்றார். உள்ளே இருந்த சின்ன விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. கேம்ப்புக்குப் போய்ச் சொன்னார். கடைக்காரர் வேறு விசிறி கொடுத்து, அதை எப்படி உட்கார வைப்பது என்று காட்டி, ஒன்று மட்டும் கண்டித்துச் சொன்னாராம். ஒருதடவை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அதைக் கழற்றாதே, பழைய சில்லு, ஓரம் உடைந்தால் மொத்தமும் போச்சு.

அந்த விசிறியை மாட்ட உட்கார்ந்தது ஆயுத பூஜை அன்று. பஞ்சாங்கம் பார்த்து, பூஜையை ஒரு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நான் அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நிமிசம் இரு. இத மாட்டிட்டு வரன்."

"ராகு காலம் வந்துடும். அப்பிடியே சாமி முன்னால வெச்சிட்டுப் போயி குளிங்க. நாளைக்கு எடுக்கும்போது மாட்டிக்கலாம்."

"பாதியில வுடறதா?"

"சாமிக்குத் தெரியாதா பாதின்னு."

அவர் சிரித்தார். பெட்டியைத் திறந்தபடியே சாமிப் படத்துக்கு முன்னால் பலகையில் வைத்தார். பக்கத்தில் புது விசிறி, தான் இரும்பை அளக்கிற வெர்னியர் காலிப்பர், ஸ்பேனர்கள், என் அரிவாள்மணை. எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், அழுக்குச் சாமான் பூஜைக்கு வரக்கூடாது. பெட்டிக்குள் பார்த்தால் நடுவில் ஒரு சில்லு, அதன் மேல் வெள்ளையாக ஒரு தீற்றல். விரலால் இழுத்த மாதிரி.

சுண்ணாம்பு.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. கற்பூரம் அடித்த மனுஷன், சாமிக்கு வைக்கிற சாமானில் எச்சில் விரலைத் தேய்த்து வைத்திருக்கிறார். நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். முந்தானையை நனைத்து, அந்த வெள்ளையை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அழுத்தித் துடைத்தேன். பளபளவென்று ஆனது. அப்புறம் அதன் மேல் சந்தனம் வைத்தேன். திருப்பத்தூர்ச் சந்தனம், அம்மா கொடுத்த கட்டை, கல்லில் இழைத்தது. குங்குமம் உதிர்ந்து உள்ளே விழுமே என்று அதை மட்டும் பெட்டிக்கு வெளியே வைத்தேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

மறுநாள் விஜயதசமி, சனிக்கிழமை. காலையில் சூடம் காட்டிவிட்டு அவர் விசிறியை மாட்டினார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டப் பார்வை மங்கல். சில்லின் மேல் வெளிறிப்போய் ஏதோ இருந்தது, தான் தடவியதுதான் என்று நினைத்து, விசிறியை வைத்து அழுத்திக் கொக்கியைப் போட்டுவிட்டார். முதல் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் இருக்கும். ஷோபா தாய் தசராவுக்கு ஆப்டா இலை கொடுக்க வந்தாள். அங்கே அதைத் தங்கம் என்று சொல்லிக் கையில் கொடுப்பார்கள். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் மேலும் ஒன்று வைத்தாள். வைத்தவள் மூக்கை உறிஞ்சி, "கிதி சாங்லா வாஸ்" என்றாள். எவ்வளவு நல்ல வாசனை என்று அர்த்தம்.

எனக்கும் வந்தது. பெட்டியின் ஓட்டைகள் வழியாக, சூடான சந்தன வாசனை, கோயில் கருவறையில் வருமே அப்படி. மலர்கூட, "அப்பா, கம்ப்யூட்டர் சாமி கும்பிடுது" என்றாள். அவர் திரும்பாமலே, "கும்பிடட்டும், கும்பிடட்டும். நமக்காக அதுனா கும்பிடட்டும்" என்றார்.

அப்போது டப்பென்று அணைந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் போட்டார், வந்தது. கால் மணி நேரம். வாசனை. அணைந்தது. மறுபடி போட்டார். இந்தத் தடவை ஐந்து நிமிஷம்.

"அப்பா, பெஹ்லே சேவ் பண்ணுங்க, அப்புறம் வரைங்க" என்று முதலில் சேவ் பண்ணச் சொல்லிப் பாதி இந்தியில் மலர் கத்துவாள். சேவ் பண்ணுவதற்குள் போய்விடும். முதல் தாளையே ஆறு தடவை ஆரம்பித்தார்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால், ஷோபா தாய் மூக்கை உறிஞ்சியபோதே தெரிந்துவிட்டது. சில்லு என்ன, விசிறி என்ன என்றெல்லாம் எனக்குத் தெரியாது. என் சந்தனம் வேகிறது, அது மட்டும் தெரிந்தது. நான் துடைத்த வெள்ளை சுண்ணாம்பு இல்லை என்பதும் எப்படியோ அந்த நிமிஷமே புரிந்துபோயிற்று. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சாதாரணமாகவே எனக்கு வாய் வராது. கடைக்காரன் மிச்சம் குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். இதை எப்படிச் சொல்வது. நாலரை மாதம் சைக்கிள் மிதித்த மனுஷனிடம், உங்கள் பிழைப்பை நான் முந்தானையால் துடைத்துவிட்டேன் என்றா. தானாகச் சரியாகிவிடும், சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். முருகனுக்குக் காசு முடிந்து வைத்தேன். அவர் பக்கத்தில் போகாமல் குழாயடிக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் ஒயர் ஒயராகப் பிரித்தார். கரண்டில்தான் கோளாறு என்று நினைத்தார். குழாயிலிருந்து எர்த் இழுத்தார். நிக்டி சூப்பர்வைசரைக் கூட்டிவந்து காட்டினார். அவரும் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் கழற்றினார், விசிறியை மட்டும் தொடவில்லை. கடைக்காரர் சொல்லியிருந்தாரே, அதை மட்டும் தொடாதே என்று.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிசினு மேல தப்பு இல்ல. என் கை செத்துப்போச்சி."

"அப்பிடிலாம் சொல்லாதீங்க."

"இருபத்தோரு வருசத்துல ஒரு பீசு ரிஜெக்ட் ஆனதில்ல. இது நான் கட்டனது, நான் தொட்டா அணைஞ்சிடுது. அப்பறம் இன்னா."

அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்லத்தான் எழுந்தேன், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் சவரம் செய்துகொண்டார். நாலு நாளாகச் செய்யாதவர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். வெர்னியர் காலிப்பரை மரப்பெட்டியோடு எடுத்து, துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு வைத்து மூடினார். எங்கோ புறப்படுகிறார் என்று நினைத்து எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. அவர் அதை என் கையில் கொடுத்தார்.

"ஷோபா தாய் தம்பி வேலைக்குச் சேந்துக்கிறான்னு சொன்னியே. அவங்கிட்ட குடுத்துடு."

"எவ்ளோன்னு சொல்றது?"

"சும்மா குடு. எனக்கு எதுக்கு."

என் காதில் பாண்டுரங் பாவுவின் சைக்கிள் மணி அடித்தது. பெட்டி கையில் கனத்தது. இதுவரை வராத வாய் அப்போது வந்தது, ஆனால் ஒழுங்காக வரவில்லை.

"அந்த விசிறியத் தூக்கிப் பாருங்க."

"எந்த விசிறி?"

"உள்ள இருக்கறது. தூக்கிப் பாருங்க. உடைஞ்சா உடையட்டும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஸ்குரூ டிரைவர் நுனியால் கொக்கியை நெம்பி விசிறியைத் தூக்கினார். அடியில் வட்டமாக, அடை தீய்ந்த மாதிரி பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறினார். பொடியாக உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"சந்தனமா?"

"ம்."

"இங்க ஒரு வெள்ளப் பசை இருந்துச்சே. அதுதான சூட்ட இழுக்கும்."

"தொடச்சிட்டன்."

"இன்னாத்துக்குத் தொடச்ச?"

"சுண்ணாம்புன்னு நெனச்சன். மறுபடியும் போட ஆரம்பிச்சிட்டீங்கன்னு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் பரவாயில்லை என்றும் நினைத்தேன். அவர் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ என் கை ஒண்ணும் பண்ணல?"

"உங்க கை இல்லீங்க. என் கைதான்."

அவருக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோறு இருக்குதா?" என்றார். திங்கட்கிழமைச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு அந்தச் சில்லையும் விசிறியையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கேம்ப்புக்கு பஸ் ஏறினார். மலரையும் கூட அனுப்பினேன். காலிப்பர் பெட்டியை நான் அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்தேன்.

கடைக்காரர் கைக்குட்டையைப் பிரித்ததும், "மந்திர் கா குஷ்பு" என்றாராம், கோயில் வாசனை. விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சில்லு சாகவில்லை, உன் அதிர்ஷ்டம் என்று சொல்லி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெள்ளைப் பசையைத் தாளில் மடித்துக் கொடுத்தாராம். காசு வாங்கவில்லை.

செவ்வாய் மதியம் உட்கார்ந்தவர் புதன் மாலை நாலு மணிக்கு எழுந்தார். மிஷின் ஒருதடவைகூட அணையவில்லை. ஏழு தாள் முடிந்திருந்தது. மூன்று மிச்சம்.

ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். தேஷ்முக் சாகேப் ஏழையும் பார்த்தாராம். ஒரு கோடுகூடத் தப்பில்லை என்றாராம். ஆனால் சொன்னது பத்து. அதே தாள்களின் நகலை வேறு ஒருவருக்கும் கொடுத்திருந்தாராம், அவர் திங்கட்கிழமையே பத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், அவரை எடுத்தாகிவிட்டது. ஏழு தாளுக்குக் கூலி கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது, "கோடு தப்பில்லன்னு சொன்னாரு" என்று இரண்டு தடவை சொன்னார். வேலை இல்லை என்று ஒரு தடவைதான் சொன்னார்.

அப்புறம் நிரந்தர வேலை என்று ஒன்று அவருக்குக் கிடைக்கவேயில்லை. பட்டறை பட்டறையாகப் போய்த் தாள் வாங்கிவந்து வரைந்து கொடுப்பார். ஒரு மாதம் இருக்கும், இரண்டு மாதம் இருக்காது. இடையில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேனாகவும் நின்றார். மலர் அந்தப் பேய்க் கட்டத் திரையில்தான் படித்து மேலே வந்தாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், அவர் பெட்டியின் முன்பக்கத்தைக் காட்டி, "நெத்தியில வெய்மே. மூளையில வெக்காத" என்பார். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

ஆனால் அவர் சொல்கிற கதையில் நான் செவ்வாய்க்கிழமைதான் கண்டுபிடிக்கிறேன். "கெட்டிக்காரி, வாசனைய வெச்சே கண்டுபுடிச்சிட்டா" என்று முடிப்பார். சனி, ஞாயிறு, திங்கள் அதில் கிடையாது. நானும் திருத்தவில்லை. பதினாலு வருஷம் திருத்தவில்லை. அப்புறம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

இப்போது அந்தச் சால் இல்லை, இடித்துவிட்டார்கள். தேஷ்முக் பட்டறை இருந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. கேம்ப்பில் அந்தச் சந்து இருக்கிறது, அந்தக் கடையில் போன் உறை விற்கிறார்கள். நிக்டிக்கு வீடு மாறியபோது பச்சைப் பெட்டியையும் ஒரு பக்கம் இல்லாத பீரோவையும் பழைய இரும்புக்காரர் ஒன்றாகத் தராசில் போட்டார். தாயும் பிள்ளையும் சேர்ந்து போன மாதிரி இருந்தது. பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்த இடம் மட்டும் பெயிண்ட் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. காலிப்பரை நான் கொடுக்கவில்லை. இன்னும் என் அரிசி டின்னில்தான் இருக்கிறது. எண்ணெய் வாசனையுள்ள சட்டை ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம், அந்தப் புத்தி அப்போது வரவில்லை.

இதில் பெயர், நாள், கிழமை தப்பாக இருக்கலாம். கம்ப்யூட்டர் சங்கதியில் நான் எழுதியது பாதி பிழையாகத்தான் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திப் போடுங்கள். அந்த வெள்ளைப் பசைக்குச் சரியான பேர் என்ன என்று எழுதுங்கள். அப்படியே இன்னொன்றும் பார்த்துச் சொன்னால் உபகாரமாக இருக்கும். ஒன்றரை நாளில் ஏழு தாள் போட்ட மனுஷன், சனிக்கிழமை காலையிலேயே நான் வாயைத் திறந்திருந்தால், பத்துத் தாளை எந்தக் கிழமை முடித்திருப்பார்.